கூதிரிலும் பனியிலும் வீட்டுத் தோட்டம்

குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் முடியும் தறுவாயில், தோட்டக்காரர்கள் மண்வெட்டியையும் கத்தரிக்கோலையும் துடைத்து எடுத்துவைத்துவிட்டு, உறைந்த மண் மறுபடியும் இளகும் நாளை எதிர்நோக்கிக் கணப்பருகே அமர்ந்துவிடுகிறார்கள். அவர்களுடைய தோட்டத்துக்கு அது நித்திரைக் காலம். நம்முடைய சமவெளித் தோட்டங்களின் சுபாவமோ இதற்கு நேர்மாறானது. அக்கினி நட்சத்திரத்தின் உஷ்ணத்தில் கீரைப் பாத்தி கருகி, கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய், குடம் குடமாக ஊற்றினாலும் செடிகள் நண்பகலில் தலை தொங்கி நிற்கிற சித்திரை வைகாசியில்தான் நம் தோட்டம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழை இறங்கி, மண்ணின் சூடு அடங்கிய பிறகு, தை மாதத்துப் பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டும் நாள் வரையில் உள்ள காலமே நம் வீட்டுத் தோட்டத்தின் வசந்தம் என்று சொல்வது மிகையாகாது.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் வழங்கினார்கள். தமிழ்நாட்டில் ஓராண்டில் சராசரியாகப் பெய்யும் சுமார் 92 சென்டிமீட்டர் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. சென்னை முதலிய கீழ்க்கடற்கரை ஊர்களில் இந்தப் பங்கு பாதிக்கும் மேல். ஆகவே இந்தப் பருவத்தில் தோட்டத்துக்கு நீர் வார்க்கும் பொறுப்பை வானமே ஏற்றுக்கொள்ள, மனிதனுக்குச் செடிகளைப் பார்த்து அனுபவிக்கும் ஓய்வு வாய்க்கிறது. கடைத்தெருவில் எல்லாக் காய்களும் எல்லா மாதங்களிலும் குவிந்துகிடக்கிற இந்த நாளில், பருவங்களின் வேற்றுமை நம் நாக்குக்கும் கண்ணுக்கும் மெல்ல மெல்ல மறந்துகொண்டே வருகிறது. அந்த மறதியிலிருந்து ஒரு குடும்பத்தை மீட்கும் சக்தி வீட்டுத் தோட்டத்துக்கு உண்டு என்பதும், அந்தச் சக்தி பூரணமாகப் பிரத்தியட்சமாவது இந்த நான்கு மாதங்களில்தான் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ஐப்பசி அடைமழையில் தோட்டத்துக்கு நாம் செய்யவேண்டிய உபகாரம் ஒன்றே ஒன்றுதான்: நீர் தேங்காமல் வழிவிடுவது. வேரும் சுவாசிக்கும் உறுப்பு. மண் துகள்களின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டுதான் அது உயிர்வாழ்கிறது. அந்த இடைவெளிகள் எல்லாம் நாள்கணக்கில் நீரால் நிரம்பிவிட்டால், வெயிலில் வாடாத மிளகாய்ச் செடியும் கத்தரிச் செடியும் நீருக்கு நடுவிலேயே வாடிப்போகின்றன. புரட்டாசி முடிவதற்குள் செடிகளின் அடியில் மண்ணை அணைத்து மேடாக்கி, பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் கீறி, தொட்டிகளின் அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிட்டால் போதும். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக்கொடுத்து, காற்றுக்கு எளிதில் முறியும் முருங்கைக் கிளைகளை முன்னதாகவே கழித்துவிட்டால் புயல் சின்னத்தைப் பற்றிய செய்தி வந்தாலும் அமைதியாக இருக்கலாம். இவ்வளவையும் செய்து முடித்தவன், திண்ணையில் அமர்ந்து, வாழையிலையில் மழை விழும் ஓசையையும் ஓலைக்கீற்றில் மழை விழும் ஓசையையும் தனித்தனியே பிரித்துக் கேட்டுக்கொண்டிருக்கும் சுகத்துக்கு முழு உரிமை உள்ளவன். மழை விட்ட மறுநாள் காலையில், கோடையில் கொத்தினாலும் அசையாத கோரைக்கும் அறுகுக்கும் பிடி தளர்ந்துபோயிருக்க, கையால் இழுத்த மாத்திரத்தில் அவை வேரோடு வருவதும், பிடுங்கிய இடத்தில் மண்புழுக்கள் நெளிவதும் அந்த இன்பத்தின் தொடர்ச்சியே.

மழை சற்றே ஓய்ந்து கார்த்திகை பிறக்கும்போது, பந்தலில் அவரைக்கொடி பூத்துவிடுகிறது. ஆடிப்பட்டத்தில் ஊன்றிய இந்த விதை, ஆவணியிலும் புரட்டாசியிலும் இலையும் கொடியுமாகவே தழைத்து, ஒரு பூவும் காட்டாமல் பந்தலை மூடிக்கொண்டே போவதைப் பார்த்து, இது காய்க்காத கொடியோ என்று புதியவர்கள் சந்தேகிப்பது உண்டு. உண்மையில் அது பகற்பொழுது குறுகுவதற்காகக் காத்திருக்கிறது. பகலும் இரவும் நீள்வதையும் குறுகுவதையும் செடிகள் உணர்ந்து அதற்கேற்பப் பூக்கின்றன என்ற பேருண்மையை, 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு விஞ்ஞானிகள், கோடையில் பூக்க மறுத்த ஒரு புகையிலை ரகத்தைக் கொண்டு உலகுக்கு விளக்கினார்கள். செடி கணக்கிடுவது பகலின் நீளத்தைக் காட்டிலும் இடையூறற்ற இருளின் நீளத்தையே என்பது பின்னர் தெளிவாயிற்று. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரமே. கன்னியாகுமரியில் அதனினும் குறைவு. கடிகாரத்தைப் பாராமல் நாம் அறிந்துகொள்ள முடியாத அந்தச் சிறு மாறுதலை ஒரு பந்தல் அவரைக்கொடி இலைகளால் உணர்ந்து, உரிய காலத்தில் கணுவுக்குக் கணு பூங்கொத்து நீட்டுகிறது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. அதனால்தான் இரவு முழுவதும் தெருவிளக்கின் ஒளி நேரே விழும் இடத்தில் பந்தல் போடலாகாது. இருளைப் பெறாத கொடி பூப்பதற்குத் தாமதிக்கும்.

அந்தப் பூங்கொத்தை அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு நாடகமே காணக்கிடைக்கும். வெள்ளையோ ஊதாவோ ஆன பூவின் அடியிதழ்கள் இரண்டும் ஒன்றுசேர்ந்து, மூக்குப்போல் மேல்நோக்கி வளைந்து, மகரந்தத்தை மறைத்துக்கொண்டிருக்கின்றன. பருத்த கருவண்டு ஒன்று வந்து அதன்மேல் அமர்ந்ததும், பாரம் தாங்காமல் அது தாழ, உள்ளே இருந்த சூல்தண்டு வெளிப்பட்டு வண்டின் உடலைத் தொடுகிறது. வண்டு பறந்ததும் எல்லாம் பழையபடி மூடிக்கொள்கிறது. அதே கொத்தின் நுனியில், மேகமூட்டமான குளிர்ந்த நாட்களில், கரிய அசுவினிகள் அப்பிக்கொண்டிருப்பதையும், அவற்றின் உடலிலிருந்து கசியும் தித்திப்பான திரவத்துக்காக எறும்புகள் காவல் நிற்பதையும் காணலாம். உடனே மருந்தைத் தேடி ஓடவேண்டியதில்லை. அதிகமாகப் பீடித்த நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சில நாட்கள் பொறுத்திருந்தால், சிவந்த பொறிவண்டுகளும், முதலையின் உருவத்தைச் சிறிதாக்கிச் செய்தாற்போன்ற அவற்றின் புழுக்களும் வந்து சேர்ந்து, அசுவினிகளைத் தின்று தீர்க்கத் தொடங்கும். முருங்கையில் திரண்டிருக்கும் கம்பளிப்பூச்சியிடம் மட்டும் இந்தத் தாட்சண்யம் வேண்டாம். குழந்தைகள் மரத்தடிக்குப் போகுமுன் அவற்றை அப்புறப்படுத்திவிடுவதே விவேகம்.

பூக்களில் இந்தப் பருவத்துக்கு உரியவை தனி. மணத்தால் மயக்கும் குண்டுமல்லி இப்போது ஓய்வெடுக்கிறது. நவம்பர் மாதக் கடைசியில் புதரைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்து, அடியில் எரு இட்டுவைத்தால், கோடையில் அதன் பலனை மொட்டு மொட்டாகக் கொடுக்கும். மல்லிகை இல்லாத குறையைத் தீர்க்க, அவரையைப் போலவே குறுகிய பகலை எதிர்பார்த்திருந்த சாமந்தி மலர்கிறது. மணம் சிறிதும் இல்லாவிட்டாலும் ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் செடியை மூடிப் பூக்கும் டிசம்பர் பூ, அந்த மாதத்துக்கே உரிய அலங்காரமாகப் பெண்களின் கூந்தலில் இடம்பெறுகிறது. அதன் உறவினமாகிய கனகாம்பரத்தில் காய்ந்து நிற்கும் கதிரின்மேல் மழைத்துளி பட்டதும், காய்கள் படபடவென்று வெடித்து விதைகளைத் தூரத்தில் தெறிக்கவிடும். ஈரம் பட்டபின் வெடிப்பதால், விழுந்த விதைக்கு முளைப்பதற்கான நனைந்த மண்ணும் அப்போதே கிடைத்துவிடுகிறது. இயற்கையின் இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் குழந்தைகளுக்குச் சிறந்த தாவர சாஸ்திரப் பாடம் வேறு என்ன இருக்கிறது? அந்தியில் விரிந்து, இரவெல்லாம் பரிமளித்து, விடியுமுன் தானாகவே உதிர்ந்துவிடும் பவழமல்லியும் மழைக்காலத்தில் தொடங்கி முன்பனியின் தொடக்கம் வரையில் பூத்துச் சொரிகிறது. தரையில் விழுந்த பூவைப் பூஜைக்கு ஆகாது என்று ஒதுக்குகிறவர்களும் இந்த ஒரு மலருக்கு மாத்திரம் விலக்கு அளித்து, மரத்தடியை மெழுகிவைத்துப் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

மார்கழி பிறந்ததும் தோட்டத்துக்கும் தெருவாசலுக்கும் ஒரு புதிய சம்பந்தம் ஏற்படுகிறது. கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரின் தலையில் செருகுவதற்குப் பறங்கிப் பூ வேண்டும். அந்தப் பூ விடியுமுன் விரிந்து, வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும் இயல்புடையதாதலால், இருள் பிரியும் நேரத்திலேயே கொல்லைக்குப் போய்ப் பறித்தாகவேண்டும். காம்புக்கும் இதழுக்கும் நடுவே சிறு உருண்டையாகப் பிஞ்சு தெரிந்தால் அது பெண் பூ. அதைத் தொடாமல், நீண்ட காம்பின்மேல் நேரே மலர்ந்திருக்கும் ஆண் பூவையே பறிக்கவேண்டும். ஆண் பூக்கள் பல மடங்கு அதிகமாகப் பூக்கும். வண்டுக்கென்று நாலைந்தைக் கொடியிலேயே விட்டுவைத்தால், கோலமும் நிறையும், கொடியும் காய்க்கும். ஆடியிலோ ஆவணியிலோ எருக்குழியின் ஓரத்தில் நாலு விதையை ஊன்றிய குடும்பத்துக்கு இந்த வழக்கம் ஒரு காசும் செலவில்லாமல் நடந்தேறுகிறது.

பூப்பறிக்கப் போன அந்த வேளையில் இலைகளையும் சற்றுக் குனிந்து பார்க்கவேண்டும். மேகமற்ற, காற்றடங்கிய இரவில், இலைகள் தம் உஷ்ணத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதால், காற்றிலுள்ள நீராவி அவற்றின்மேல் திவலைகளாகப் படிகிறது, அதுவே பனி. ஆனால் சேம்பிலையின் கூரிய நுனியிலும், தக்காளி இலையின் பற்களிலும், புல்லின் முனையிலும் ஒழுங்காகக் கோத்தாற்போல் நிற்கும் துளிகள் வானத்திலிருந்து வந்தவை அல்ல. மண் ஈரமாகவும் இரவு குளிர்ந்தும் இருக்கும்போது, வேர் உறிஞ்சி மேலே தள்ளிய நீர், ஆவியாகிப் போக வழியின்றி, இலையோரத்திலுள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாகக் கசிந்து நிற்கிறது. சேம்பிலையின் அடியில் சற்று நேரம் பொறுமையாக உட்கார்ந்தால், நுனியில் ஒரு துளி திரண்டு பருத்து விழுவதையும், அடுத்த துளி அதே இடத்தில் தோன்றுவதையும் கண்ணால் காணலாம். வேரின் உழைப்பை நேரில் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. வெயில் வந்தபின் இந்தக் காட்சிக்கு இடமில்லை.

சமையலறைக்கும் மார்கழியில்தான் தோட்டம் தாராளமாக வழங்குகிறது. வெயில் காலத்தில் நாலு இலை விட்டதும் பூத்துப் போய்விடுகிற கொத்தமல்லி, இந்தக் குளிர்ச்சியில் அவசரமின்றித் தழைத்து வளரும். கடையில் வாங்கிய தனியாவையே, ஓர் உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருப்பதால், தரையில் போட்டுச் செங்கல்லால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைத்தால் முளைப்பு நன்றாயிருக்கும். வெந்தயமோ இரண்டு மூன்று நாட்களில் முளைத்து, மூன்று நான்கு வாரங்களில் பருப்போடு சேர்ந்துவிடும். முள்ளங்கியும் பீட்ரூட்டும் சமவெளியில் நன்கு கிழங்கு திரளும் காலம் இதுவே. தக்காளிக்கும் இது உகந்த சீதோஷ்ணம். இரவு புழுக்கமாயிருந்தால் பூ பிஞ்சாகாமல் உதிரும். பகலில் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் ஏறினால் பழத்தில் செந்நிறப் பொருள் சரிவர உண்டாகாமல் அது மஞ்சளோடிய சிவப்பாகவே நின்றுவிடும். மார்கழித் தக்காளி செடியிலேயே முழுச் சிவப்பாகக் கனிவதன் ரகசியம் இதுதான். அன்று பறித்த மொச்சையை உரிக்கும்போது விரல்களில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பசையின் வாசத்தை அனுபவித்தவர்கள், கூடையில் கிடந்து வாடிய காயில் அதைத் தேடமாட்டார்கள்.

தோட்டத்துக்கு இந்தப் பருவத்தில் விருந்தாளிகளும் வருகிறார்கள். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவின் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிப்பதற்காகத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, முதுகில் பச்சையும், இறக்கையில் நீலமும், வாலடியில் செம்மையும், கண்ணின் குறுக்கே கருங்கோடுமாக, யாரும் கவனியாத ஒரு மூலையில் இறங்கி, உதிர்ந்த இலைகளை அலகால் புரட்டிப் புழுபூச்சிகளைத் தேடுகிறது. விடியலிலும் அந்தியிலும் அது கொடுக்கும் இரண்டு சுர விளியைக் கேட்டபின் அதை மறப்பது அரிது. பொன்மஞ்சள் நிற மாங்குயிலும், ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டே ஈரத்தரையில் ஓடும் வாலாட்டிக் குருவியும் வடக்கேயிருந்து வருபவையே. இவர்களை வரவேற்க நாம் தீனி வைக்கவேண்டியதில்லை. தோட்டத்தின் ஒரு பகுதியிலாவது சருகுகளைக் கூட்டிக் கொளுத்தாமல் அப்படியே விட்டுவைத்தால் போதும். மக்கும் சருகு மண்ணுக்கு எருவாகிறது. மக்கிக்கொண்டிருக்கும்போதே பறவைகளுக்கு ஆகாரமும் அளிக்கிறது. இலைக்குப்பைக்குத் தீ வைப்பவர்கள் இந்த இரண்டு லாபங்களையும் ஒருசேர இழக்கிறார்கள்.

தை மாதத்தில் தோட்டம் தன் நிலத்தடிப் பொக்கிஷத்தைத் திறக்கிறது. வைகாசி, ஆனியில் ஒரு மூலையில் புதைத்த மஞ்சளும் இஞ்சியும் பொங்கல் பானையின் கழுத்துக்கு இலையோடும் கிழங்கோடும் கொத்தாகக் கிடைக்கின்றன. பானைக்குப் போக எஞ்சிய மஞ்சளை, இலைகள் பழுத்து மடியும்வரை மண்ணிலேயே விட்டு, பிறகு தோண்டிக்கொள்ளலாம். திருநெல்வேலிச் சீமையில் பொங்கலுக்கென்று சிறுகிழங்கு, சேனை, சேம்பு, வள்ளி என்று கிழங்கு வகைகளைக் கூட்டிவைப்பது சம்பிரதாயம். மண்ணோடு வரும் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் நீக்கும் ஓசை, அந்தப் பக்கத்து வீடுகளில் பண்டிகையை அறிவிக்கும். பனைமரம் உள்ள ஊர்களில், ஆவணி புரட்டாசியில் பழத்தின் சதை போன கொட்டைகளை மணல் மேட்டில் அடுக்கி மூடிவைப்பார்கள். முளை கீழ்நோக்கி இறங்கிப் பனங்கிழங்காகத் திரண்டு மார்கழி, தையில் பிடுங்கும் பதத்துக்கு வரும். கிழங்கைப் பிடுங்கி அவிப்பது பெரியவர்கள் வேலை. கொட்டையை வெட்டி உள்ளிருக்கும் வெண்ணிறத் தவுனைத் தின்பது குழந்தைகளின் உரிமை.

தலைக்கு மேலே மாமரம் பூத்துவிட்டதையும் இந்த மாதத்தில்தான் காண்கிறோம். ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்ற பழமொழிக்கேற்ப மழை ஓய்ந்து, மண் சற்றே காய்ந்து, இரவுகள் குளிர்ந்தபின்தான் மாவின் முற்றிய கிளைகள் தளிரை விடுத்துப் பூவைத் தள்ளும். ஆகையால் கார்த்திகை முடிந்தபின் காய்க்கும் மாமரத்துக்கு நீர் பாய்ச்சாமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி. ஒரு பூங்கதிரில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்களாதலால், கனியாகி நிலைப்பவை இரண்டொன்றே. உதிர்ந்து தரையெங்கும் இறைந்துகிடக்கும் பூவைப் பார்த்து மனம் கலங்கவேண்டியதில்லை. அது மரத்தின் இயல்பான கணக்கு.

இத்தனையும் விசாலமான கொல்லை உள்ளவர்களுக்கே வாய்க்கும் பாக்கியம் என்று எண்ணிவிடக்கூடாது. மொட்டைமாடியில் வெயில் படும் ஓரத்தில் மண் நிரப்பிய நாலு சாக்குப்பைகளும், கைப்பிடிச் சுவரிலிருந்து கட்டிய சில கயிறுகளும் ஓர் அவரைக்கொடிக்குத் தாராளம். சமையலறை ஜன்னலின் வெளிப்புறத்தில் ஓர் அகலத் தட்டு வெந்தயத்துக்குப் போதும். ஒரு தொட்டிச் சாமந்தி வீட்டு வாசலுக்கே களை தரும். இடம் சிறிதாயிருப்பது குறை அன்று; காலம் தவறுவதே குறை. ஆடியில் ஊன்றவேண்டியதைக் கார்த்திகையில் ஊன்றினால், கொடி தழைத்துப் பந்தலை எட்டுவதற்குள் அது எதிர்பார்த்த குறும்பகல் கடந்துபோய்விடும். எதற்கு எந்த மாதம் என்று அறிந்து, அந்த மாதத்தில் அதைச் செய்துவிட்டு, மற்றதை மழைக்கும் பனிக்கும் விட்டுவிடுகிற நிதானம்தான் தோட்டக்கலையின் முதற்பாடம்.

அந்த நிதானத்தைக் கற்றுக்கொண்ட குடும்பத்தில், கார்த்திகை என்றால் அவரை, மார்கழி என்றால் பறங்கிப் பூ, தை என்றால் மஞ்சள் என்று மாதங்கள் நாட்காட்டியின் தாளிலிருந்து இறங்கி வாழ்க்கைக்குள் வந்துவிடுகின்றன. நம் பண்டிகைகள் யாவும் நிலத்தில் விளைந்தவற்றைக் கொண்டே அமைந்தவை. அவற்றில் ஒரு பங்கையாவது தன் கையால் விளைவித்தவனே அவற்றின் பொருளை முழுமையாக உணர்கிறான். ஆகையால், இந்த ஐப்பசியில் மழை வெறிக்கும் முதல் நாளிலேயே ஒரு கைப்பிடி வெந்தயத்தையும் பிளந்த தனியாவையும் விதைத்துத் தொடங்குங்கள். அவரைக்கும் மஞ்சளுக்கும் உரிய இடத்தை இப்போதே குறித்துவைத்து, வைகாசியும் ஆடியும் வரும்போது மறவாமல் ஊன்றுங்கள். அடுத்த தைப் பொங்கலுக்குள் உங்கள் வீட்டுக் குழந்தைகள், பருவங்களைப் புத்தகத்தில் படித்து அறிவதற்கு முன்பாகவே, கையால் தொட்டு அறிந்திருப்பார்கள். அதனினும் மேலான செல்வத்தை ஒரு துண்டு நிலம் நமக்குத் தந்துவிட முடியாது.